பி.டி. என்றால் எது? விக்கிப்பீடியாவின் பக்கவழிப் பக்கங்களைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்பாளர்

மருத்துவக் குறிப்புகளைத் தமிழாக்குவது என் வேலை. வாயில் நுழையாத நோய்ப் பெயர்கள்கூட என்னைப் பயமுறுத்துவதில்லை. இரண்டெழுத்துச் சுருக்கங்கள்தான் பயமுறுத்துகின்றன. அதனால் நான் தினமும் திறப்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் பக்கவழிப் பக்கங்களை. ஒரு சுருக்கத்துக்கு எத்தனை பொருள் உண்டோ அவற்றை வரிசையாக வைத்துவிட்டு, தேர்வை நம்மிடம் விட்டுவிடும் பக்கங்கள் அவை. தமிழ் விக்கிப்பீடியா இதைப் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ என்கிறது.

இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் ஒரு தவறு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடும் நோயாளிக்கான குறிப்பில் ‘பி.டி., ஐ.என்.ஆர். வாரம் ஒருமுறை’ என்று இருந்தது. பி.டி.யை பிசிக்கல் தெரபி, அதாவது இயன்முறை மருத்துவம் என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது புரோத்ராம்பின் டைம், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனை; ஐ.என்.ஆர். அதன் முடிவைச் சொல்லும் அளவு. நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன் சரிபார்த்தவர் பிடித்துவிட்டார். அன்று தேடுபொறியில் ஐ.என்.ஆர். என்று போட்டபோது ரூபாய் மாற்று விகிதம்தான் முதலில் வந்தது. பலர் தேடுவதை முன்னால் காட்டுவது அதன் இயல்பு. பக்கவழிப் பக்கத்திலோ ரூபாயும் ரத்தச் சோதனையும் ஒன்றாகவே இருந்தன. இதுதான் எனக்குப் பிடித்தது: எனக்குத் தெரியாத பொருள் ஒன்று இருக்கிறது என்பதையே அது சொல்லிவிடுகிறது.

அமைப்புகளின் பெயர்களுக்கும் நன்றாக உதவுகிறது. 1990களின் செய்தி ஒன்றில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று வந்தால் அது 1961இல் தொடங்கிய இயற்கைப் பாதுகாப்பு அமைப்பாகவும் இருக்கலாம், மல்யுத்த நிறுவனமாகவும் இருக்கலாம். அந்த அமைப்பு தொடுத்த வழக்கில் தோற்ற மல்யுத்த நிறுவனம் 2002இல்தான் டபிள்யூ.டபிள்யூ.இ. ஆனது.

குறைகளும் உண்டு. விக்கிப்பீடியாக் கட்டுரை எதிலும் இடம்பெறாத சுருக்கம் இந்தப் பட்டியலுக்குள் வராது. செவிலியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் சுருக்கங்களை அங்கே தேடிப் பயனில்லை. அப்புறம், எந்தச் சுருக்கம் ஆபத்தானது என்ற எச்சரிக்கையும் கிடையாது. எம்.எஸ். என்று மருந்துச் சீட்டில் எழுதினால் மார்ஃபின் சல்பேட்டா, மெக்னீசியம் சல்பேட்டா என்று குழப்பம் வரும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004இல் வெளியிட்ட ‘பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள்’ பட்டியலிலேயே அது இருக்கிறது. பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்!

ஆனால் இப்படிப்பட்ட பக்கங்களை நான் மிகவும் எதிர்பார்ப்பது தமிழில்தான். ஆங்கிலத்தில் வேறு வேறாக இருக்கும் சுருக்கங்கள்கூட நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகளுக்கு நமக்கு ஒரே ‘பி’, இன்னும் இரண்டுக்கு ஒரே ‘டி’. அதனால் புரோத்ராம்பின் டைம், பார்கின்சன் டிசீஸ், பிளீடிங் டைம், மருந்தை நாளுக்கு இருமுறை சாப்பிடச் சொல்லும் குறிப்பு, நான்குமே ‘பி.டி.’தான். சி.டி. ஸ்கேனும் பாட்டு சி.டி.யும் அப்படித்தான். ஆங்கிலப் பக்கம் இங்கே கைகொடுக்காது, அந்தக் குழப்பம் அங்கே இல்லவே இல்லை. அதனால் முதல் முறை வரும்போது முழுப் பெயரையும் எழுதிவிடுகிறேன், வரி நீண்டாலும் சரி. தமிழ் எழுத்தில் மோதிக்கொள்ளும் மருத்துவச் சுருக்கங்களை ஒரு நோட்டில் குறித்தும் வருகிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் நான் முதலில் தொடங்கப்போகும் பக்கவழிப் பக்கம் ‘பி.டி.’.