997 கேரேரா எஸ்: நேராக நிற்க மறுக்கும் சைலன்சர் முனைகள்

பழைய 997 கேரேரா எஸ், அதாவது போர்ஷே 911 காரின் 997 தலைமுறை வண்டி ஒன்றை வாங்கிய ஒருவரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறது இது. "இடது பக்க டிப் (சைலன்சர் முனை) வலதைவிடத் தாழ்ந்து நிற்கிறது. வீட்டிலேயே நேராக்க முடியுமா?" முடியும். 13 மி.மீ. சாக்கெட்டும் பாதி நாளும் இருந்தால் போதும். ஆனால் முனையைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்பின் போல்ட்டில் கை வைப்பதற்கு முன்னால், அந்த முனை ஏன் தாழ்ந்தது என்று தெரிந்தாக வேண்டும். இந்த வண்டியின் ஓட்டம், ஸ்டியரிங், 3.8 லிட்டர் என்ஜினின் குரல் எல்லாம் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டன. வருஷக்கணக்கில் வைத்திருப்பவரை விடாமல் உறுத்துவது பின்பக்கத்தில் பக்கத்துக்கு இரண்டாக இருக்கும் இந்த நாலு வட்டங்கள்தான்.

பெரும்பாலான கார்களில் சைலன்சர் ரப்பர் வளையங்களில் பாடியிலிருந்து தொங்கும். முனை கோணினால் ஒரு ரப்பரை மாற்றினால் வேலை முடிந்தது. 911-இல் கதை வேறு. சைலன்சர்கள் பிராக்கெட் என்ற உலோகத் தாங்கி வழியாக என்ஜினோடு இறுக்கப்பட்டிருக்கின்றன. என்ஜினோ முன்பக்கம் கியர்பாக்ஸ் மவுண்டிலும் பின்பக்கம் இரண்டு ஹைட்ராலிக் மவுண்டுகளிலும் (அதிர்வைத் தாங்கும், திரவம் நிரம்பிய ரப்பர் தாங்கிகள்) உட்கார்ந்திருக்கிறது. பம்பர் பாடியைச் சேர்ந்தது. ஆக, முனைக்காகப் பம்பரில் விட்டிருக்கும் வெட்டுக்கும் முனைக்கும் நடுவே தெரியும் இடைவெளி, பாடிக்குள் என்ஜின் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கான அளவுகோல். மவுண்டில் ரப்பர் தளர்ந்து, உள்ளிருக்கும் திரவம் கசிந்துவிட்டால் என்ஜினின் பின்பகுதி சில மி.மீ. இறங்கும். முனைகளும் கூடவே இறங்கும். மேலே இடைவெளி அகலமாகவும் கீழே விரல் நுழையாமலும் இருந்தால் முதல் சந்தேகம் மவுண்டின் மேல்தான் விழ வேண்டும்.

எரிச்சல் இங்கேதான் ஆரம்பம். டிப் என்பது சைலன்சரிலிருந்து வரும் வட்டக் குழாயின் மேல் ஏறி உட்காரும் ஒரு உறை. வட்டத்தின் மேல் வட்டம். அதை உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம், சுழற்றலாம். அவ்வளவுதான். மேலே தூக்கவோ பக்கவாட்டில் நகர்த்தவோ அந்த இணைப்பில் வழியே கிடையாது. உயரமும் பக்க நகர்வும் சைலன்சர் பிராக்கெட்டின் போல்ட் துளைகளில் இருக்கும் கொஞ்ச ஆட்டத்திலிருந்து மட்டுமே கிடைக்கும். இது தெரியாமல் கிளாம்பைத் தளர்த்தி, முனையை மேலே நெம்பிப் பிடித்துக்கொண்டு இறுக்குபவர்கள்தான் அதிகம். கையை எடுத்ததும் அது பழைய இடத்துக்கே வந்துவிடும். நாள் முழுக்கப் போராடினாலும் வராது.

அதனால் முதலில் சோதனை. வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி இருக்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்து விடட்டும். இன்னொருவர் பின்னால் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்க்க வேண்டும். என்ஜினின் சுழலும் அச்சான கிராங்க் வண்டியின் நீளவாக்கில் படுத்திருப்பதால், ஒரு பக்க முனை மேலேறும், மறுபக்கம் கீழிறங்கும். லேசான துடிப்பு இயல்பு. முனைகள் குதித்தால் மவுண்ட் போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்கியிருந்தால் இரண்டு மவுண்டும் களைத்துவிட்டன. ஒரு பக்கம் மட்டும் என்றால் ஒரு மவுண்ட், அல்லது வளைந்த பிராக்கெட், அல்லது பம்பரே.

ஆம், பம்பர். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. எப்போதோ கழற்றி மாட்டிய பம்பர் 4, 5 மி.மீ. ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும். பின்சக்கர வளைவோடு அது சேரும் கோடு இரண்டு பக்கமும் ஒரே அகலமா என்று முதலில் பாருங்கள். கோணிய பம்பருக்கு ஏற்றபடி முனையை நேராக்கினால், அடுத்த முறை பம்பர் சரியாக மாட்டப்படும்போது மொத்த வேலையும் வீண்.

மவுண்ட் நன்றாக இருக்கிறது என்றால் மேலே தொடரலாம். முதல் நாள் இரவே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் ஓடிய வண்டி என்றால் இரண்டு மூன்று நாள் அடிக்க வேண்டும். என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சக்கரங்கள் ரேம்பில் நிற்பது நல்லது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகாதீர்கள். ரேம்பில் வண்டி சாய்ந்து நிற்பதால் தரையிலிருந்து அளந்து பயனில்லை. பம்பர் வெட்டிலிருந்து அளக்க வேண்டும்.

எல்லாவற்றையும் முதலில் தளர்த்த வேண்டும்: பிராக்கெட், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரோடு சேரும் ஸ்லீவ் கிளாம்ப், கடைசியாக டிப் கிளாம்ப். ஒன்றை மட்டும் தளர்த்தினால் மற்றவை அதைப் பழைய இடத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக்கும்போது என்ஜின் பக்கத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும், முனை கடைசி. பம்பரின் வெட்டு ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அட்டைப்பெட்டியை 4 செ.மீ. அகலத் துண்டுகளாக நறுக்கி, மூன்று மூன்றாக அடுக்கி முனையைச் சுற்றி நாலு பக்கமும் செருகுங்கள். மூன்று அடுக்கு ஏறக்குறைய 10 மி.மீ. வரும். கையால் பிடிப்பதைவிட இது எவ்வளவோ நம்பகமானது. இரட்டை வட்ட முனை சுழன்றிருக்கிறதா என்று பார்க்க, இரண்டு வட்டங்களின் மேலும் ஒரு சிறு ரசமட்டத்தை வைத்து, பம்பரில் நம்பர் பிளேட் மேல்விளிம்போடு ஒப்பிடுங்கள். இடதும் வலதும் ஒரே அளவு வெளியே நீள்கிறதா என்பதற்கு, நீளமான அலுமினியப் பட்டையைக் குறுக்கே பிடித்தால் போதும்.

இப்போது ஒரு சின்ன விஷயம். முனை நேராக இருக்கிறது, கிளாம்பை இறுக்குகிறீர்கள், கடைசி அரைச் சுற்றில் முனை கண்ணெதிரே 1, 2 மி.மீ. திரும்பும். போல்ட் இறுகும் திசையில் கிளாம்ப் தன்னோடு உறையையும் இழுப்பதுதான் காரணம். ஆகவே எதிர்த்திசையில் அதே அளவு முன்கூட்டியே திருப்பி வைத்து இறுக்க வேண்டும். அப்படியும் முனை பிடிவாதமாகப் பழைய கோணத்துக்கே போனால், அதைக் கழற்றிக் குழாயைத் தடவிப் பாருங்கள். பழைய கிளாம்ப் அழுத்திய பள்ளமும் அதன் ஓரத்தில் மேடும் விரலில் தட்டும். உறை அந்தப் பள்ளத்தில்தான் போய் விழுகிறது. மேட்டை அரத்தால் தேய்த்துச் சமன் செய்தால் தீர்ந்தது.

எம்8 போல்ட்டுக்கு 20 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைக் காய்ந்தபடி ஏற்றினால் இழைகள் ஒன்றையொன்று கடித்துப் பூட்டிக்கொள்ளும். இழைகள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், செம்பு கலந்த ஆன்ட்டி சீஸ் கிரீஸ் ஒரு துளி கட்டாயம். துருப்பிடித்த போல்ட்டைப் பழுக்கக் காய்ச்சத் தீச்சுடரைக் கொண்டுபோகாதீர்கள், பக்கத்தில் இருப்பது பிளாஸ்டிக் பம்பர். இண்டக்‌ஷன் ஹீட்டர் (தீயில்லாமல் மின்காந்தத்தால் போல்ட்டைச் சூடாக்கும் கருவி) கிடைக்காவிட்டால் ரம்பத்தால் அறுத்துப் புது போல்ட் போடுவதே மேல்.

இடைவெளியை 10 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோக ஆசைப்படாதீர்கள். அரை மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் 2.5 மி.மீ. நீளும். அதற்கு மேல் என்ஜினின் ஆட்டம் வேறு. முக்கியமாக, இறங்கிய மவுண்டை மறைப்பதற்காகப் பிராக்கெட்டில் முனையைத் தூக்கி வைக்கவே கூடாது. பின்னால் புது மவுண்ட் ஜோடி போடும்போது என்ஜின் எழும்பும், முனை பம்பரின் மேல்விளிம்பைத் தொடும், பெயின்ட் கருகும். இது தவறான சிக்கனம்.

வேலை முடிந்ததும் 20, 30 கி.மீ. ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி இறுக்கிப் பாருங்கள். சரிபார்க்க, வண்டிக்கு 5 மீட்டர் பின்னால் முனைகளின் உயரத்தில் செல்போனை வைத்து, கட்டக் கோடுகளை ஆன் செய்து, 2 மடங்கு ஜூமில் படம் எடுங்கள். வைட் லென்ஸ் ஓரங்களை வளைத்துப் பொய் சொல்லும்.

தனியாக விற்கும் மாற்று முனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பு நன்றாக இருக்கும். ஆனால் உறையின் உள்விட்டம் அரை மி.மீ. கூடினாலும் கிளாம்ப் ஒரு பக்கமாகத்தான் பிடிக்கும், முனை தலை கவிழும். வாங்கும் முன் உள்விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளக்கக் கேளுங்கள். அளந்து சொல்ல மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு நியாயமாகச் சொல்ல வேண்டியது: பத்து நிமிஷத்தில், ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல், மவுண்டின் உடல்நிலையை வெளியிலிருந்தே காட்டிக்கொடுக்கும் கார் வேறு அதிகம் இல்லை. அந்த வகையில் இது அருமையான அமைப்பு. என்றாலும் கேட்டவருக்கு என் பதில், மவுண்ட் நன்றாக இருந்து, வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்து, போல்ட்டெல்லாம் துருவேறிக் கிடந்தால் தொடாதீர்கள். பிராக்கெட்டில் ஒரு போல்ட் தலை முறிந்தால் பாதி நாள் வேலை ஒரு வாரமாகும்.