விரல் நீட்டிக் கேட்கும் சோறு: ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் கடை

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில், சூலியா வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முனையில், சோற்றின்மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மதியச் சாப்பாடு சாப்பிட்டு வருகிறேன். குறை ஒன்றையும் எழுத வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இங்கே உணவுப் பட்டியல் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் கோழி, ஆட்டிறைச்சி, மீன் தலை, கணவாய், மீன் சினை, வெண்டைக்காய், முட்டைக்கோஸ் என்று தட்டங்கள் வரிசையாக இருக்கும். நாம் வரிசையில் நகர்ந்துகொண்டே விரலை நீட்டினால், பரிமாறுபவர் தட்டைக் கையில் ஏந்தி நமக்கு நேராக அந்தப் பக்கம் நகர்ந்து வருவார். முடிவில் கல்லாவில் இருப்பவர் தட்டை ஒரு பார்வை பார்த்து விலை சொல்வார். காஃபிடேரியா என்று மேல்நாட்டார் சொல்லும் முறையும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அங்கே உணவுகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இங்கே கலப்பதற்காகத்தான் வருகிறோம்.

இந்தக் கடையில் பரிமாறும் பெரியவரின் கையைப் பார்ப்பதற்காகவே வரிசையில் நிற்கலாம். சோற்றைக் குவித்து, அகப்பையின் அடிப்பாகத்தால் நடுவில் மெல்ல ஒரு குழி செய்வார். முதலில் மீன் குழம்பை ஓரத்தைச் சுற்றி விடுவார். அது நீர்த்தது, சோற்றுக்குள் இறங்கிவிடும். அடுத்து ஆட்டிறைச்சிக் குழம்பு குழியில் விழும். அதன்மேல் கறுத்த இறைச்சிக் குழம்பிலிருந்து கொஞ்சம் இனிப்பு, கடைசியாக வெங்காயக் கோழியின் அடியில் தங்கிய மசாலாவில் அரைக் கரண்டி. "என்னம்மா, பஞ்ஜிரா?" என்று கேட்பார். வெள்ளம் என்று பொருள்படும் அந்த மலாய்ச் சொல்லுக்கு இந்தக் கடைகளில் தட்டு நிறையக் குழம்பு என்று பொருள். "ஆமாங்க மாமா, வெண்டைக்காய் மட்டும் நனையாம இருக்கட்டும்" என்று நான் சொன்னால், காயைக் கரையோரம் ஒதுக்கி வைப்பார். நான்கு குழம்பும் சேர்ந்து பிறக்கும் அந்த ஐந்தாவது சுவைக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அதை எந்தப் பட்டியலிலும் அச்சிட முடியாது.

மலாயில் 'நாசி' என்றால் சோறு, 'கண்டார்' என்றால் காவடித் தண்டில் சுமப்பது. ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் தோளில் தூக்கி வந்து, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களிடமிருந்து வந்த உணவு இது. கடையாக ஊன்றியவற்றில் கேம்பல் வீதி ஹமீதியா 1907இல் தொடங்கியது. இன்றும் அங்கே வரிசை நிற்கிறது. எல்லாக் கடைக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. 1960களின் இறுதியில் பினாங்கு சுங்கவரியற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தது; பிறகு சரக்கு வேலையும் கடலுக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த் பக்கம் நகர்ந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000ஆம் ஆண்டு பிறந்தபோது, நகருக்குள் குறைந்த வாடகையில் குடியிருந்த பல குடும்பங்கள் வெளியேறின. மதியம் நடந்தே வந்து சாப்பிட்டவர்கள் அவர்கள்தாம்.

கூட்டம் குறைவதால் இத்தகைய கடைக்கு வரும் கேடு மற்ற உணவகங்களுக்கு வருவதைவிடக் கடுமையானது. கேட்டபின் சமைக்கும் கடையில் ஆள் வராவிட்டால் அடுப்பை அணைத்துவிடலாம். இங்கோ, யார் வருவார்கள் என்று தெரியாமலேயே விடியற்காலையில் இருபது வகை சமைத்தாக வேண்டும், மிஞ்சினால் நட்டம். நட்டத்துக்கு அஞ்சி வகைகளைக் குறைத்தால், வகைகளுக்காக வந்தவர்கள் வராமல் போகிறார்கள். இந்தக் கடையில் ஒரு காலத்தில் இருபதுக்கு மேல் எண்ணியிருக்கிறேன். சென்ற வாரம் பதினொன்று, அவற்றில் இரண்டில் அடித்தட்டு தெரிந்தது. அமெரிக்காவிலும் இந்தச் சுழல்தான் என்று நினைக்கிறேன். 1947இல் சான் அந்தோனியோவில் தொடங்கிய லூபீஸ் காஃபிடேரியா நிறுவனத்தைக் கலைத்துவிட 2020இல் பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டனர்; சில கிளைகள் மட்டும் வேறு கைக்கு மாறிப் பிழைத்தன.

கைப்பேசிச் செயலி வழியே அனுப்பும் விற்பனை கடைக்கு உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் குழம்புகள் தனித்தனிப் பொட்டலங்களாக வீட்டுக்கு வருகின்றன. எதை முதலில் ஊற்றுவது, எதை எவ்வளவு என்று நமக்குத் தெரிவதில்லை. நான் ஒருமுறை முயன்று, எல்லாம் சேர்ந்து சேறாகிப் போனதுதான் மிச்சம்.

இனி குறை. ஒரே அளவு சோறு, ஒரு கோழித் துண்டு, வெண்டைக்காய்: ஒரு வாரம் 13 ரிங்கிட், அடுத்த வாரம் 16 ரிங்கிட். கேட்டபோது, "சாமான் விலை ஏறிடுச்சும்மா" என்றார்கள். ஏறியிருக்கலாம், ஆனால் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டினால் இந்தக் கேள்வியே எழாது. முதன்முறை வருபவர் ஏமாற்றப்பட்டதாக எண்ணித் திரும்பி வராமலே போகக்கூடும். இருக்கிற வாடிக்கையாளரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் இது பெரிய தவறு.

மேசைகள் சுத்தம், விசிறி போதாது, தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர் சுமார்.

பதினொன்றரை மணிக்கு முன் செல்லுங்கள். மீன் சினை அதற்குப் பின் இருப்பதில்லை. இரண்டு வகைக்கு மேல் வாங்க வேண்டாம், குழம்பைப் பெரியவரிடமே விட்டுவிடுங்கள். அவர் வெள்ளிக்கிழமை விடுப்பு; அன்று பரிமாறும் இளைஞர் எந்தக் குழம்பு வேண்டும் என்று கேட்டு, அதை மட்டும் ஊற்றுகிறார்.