மாரிக்கு வெள்ளைப் பூ: பாதையோரத்தில் எதை நடலாம்?

ரொறன்ரோவில் இருக்கிற அக்கா ஒவ்வொரு ஐப்பசியும் தன் வீட்டு வேலியோரத்தைப் படமெடுத்து அனுப்புவா. மரமெல்லாம் இலை பழுத்து உதிர்கிற நேரம், வெள்ளை அஸ்டர் மட்டும் இடுப்பளவுக்கு நுரைத்துப்போய் நிற்கும். "உன்ர வளவிலயும் வைச்சுப் பாரன்" என்றா. வன்னியில், நெடுங்கேணியில் எங்கள் கேற்றிலிருந்து விறாந்தை வரை இருபது அடிப் பாதை. கார்த்திகை விளக்கீட்டன்று அதன் இரு கரையும் வெள்ளையாய்ப் பூத்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதற்காக நாலைந்து வருடமாக நட்டதும் பிடுங்கியதும்தான் கீழே இருப்பது.

அக்கா வளவில் நிற்கும் அஸ்டர் வட அமெரிக்காவின் சொந்தச் செடி. அது பகலின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும். ரொறன்ரோவில் ஆனியில் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல். மார்கழியில் 9 மணித்தியாலத்துக்குக் கிட்ட. நீண்ட பகலில் தண்டு உயரும், பகல் குறுகக் குறுக மொட்டு வைக்கும். பிறகு பனியில் மேல்பாகம் பட்டுப்போக, வேர் உறங்கி, குளிர் விட்டதும் மறுபடி துளிர்க்கும். வன்னியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலந்தான் வித்தியாசம். உறங்குவதற்குக் குளிரும் கிடையாது. அதனால் அஸ்டர் ஆசையை விட்டுவிட்டேன். கடையில் 'அஸ்டர்' என்று விற்கும் விதைப் பக்கெட் பெரும்பாலும் சீன அஸ்டர். ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் விதை சொல்லிவிடவும் வேண்டாம், அதற்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும்.

அடுத்து வெள்ளைச் செவ்வந்தி. அஸ்டரின் குடும்பந்தான், அதே கோளாறுதான். பகல் குறுகியிருந்தால் உடனே மொட்டு வைக்கிற செடி. பெருமளவில் வளர்ப்பவர்கள் இரவில் மின்குமிழ் எரித்துப் பகலை நீட்டி, செடி உயர்ந்த பிறகே பூக்க விடுவார்கள். நான் சட்டியோடு வாங்கியபோது பூ கண்ணைப் பறித்தது. வெட்டிவிட்ட பிறகு வந்த துளிரோ ஒரு சாண் உயரத்திலேயே மொட்டு வைத்தது. அடைமழையில் அதுவும் அழுகிப்போனது.

காடும் காடு சார்ந்த இடமும் முல்லை, அதற்குரிய பொழுது கார் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது எங்கள் மண்ணுக்கு எவ்வளவு பொருத்தம்! இங்கே மழை விழுவதுதான் பூக்கிற காலம். முல்லையையே நடலாம், ஆனால் அது கொடி, வேலிக்கு விட்டுவிடுவோம். பாதையோரத்துக்கு மிஞ்சுவது மூன்று.

பட்டிப்பூ, அதாவது நித்தியகல்யாணி, மடகஸ்காரிலிருந்து வந்தது. சோளகம் புழுதியை வாரி அடிக்கும் ஆடியிலும் பூத்துக்கொண்டிருக்கும். கட்டாக்காலி மாடு வாய் வைக்காது, ஏனென்றால் செடி நஞ்சு. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் மருந்தை இதிலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள். அதற்காக நீரிழிவுக்கென்று இலையை அவித்துக் குடிக்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இதற்குப் பெரிய எதிரி தேங்கிய தண்ணீர். என் பாதையின் கிழக்குக் கரை பள்ளம். முந்தின மாரியில் மூன்று நாள் வெள்ளம் நின்றதில் அந்த வரிசை முழுக்கத் தண்டு கறுத்துச் சாய்ந்தது, விளக்கீட்டுக்கு ஒரு கிழமை இருக்கும்போது. மேற்குக் கரை கிரவல் மேடு; அங்கே ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று: பக்கத்தில் இளஞ்சிவப்புச் செடி நின்றால், தானாக விழுந்து முளைக்கும் கன்றுகள் வெள்ளையாயிருக்கும் என்று நம்ப முடியாது. பூத்ததும் பார்த்துப் பிடுங்க வேண்டும்.

நந்தியாவட்டைக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை. தடி வெட்டி ஊன்றினால் வேர் பிடிக்கும், பிள்ளையாருக்கும் பூ ஆகும். மழை கொட்டி ஒற்றைப் பூ உதிர்ந்தாலும் விடிய வேறு விரிந்திருக்கும். அடுக்குப் பூதான் நனைந்து மண்ணிறமாகித் தொங்கும். ஆனால் ஆளுயரம் தாண்டி வளரும். இருபது அடிப் பாதையின் இரு கரையிலும் வைத்தால் வீடே தெரியாது.

ரெயின் லில்லிதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. தென்னமெரிக்காவின் ஈரக் கரைகளில் வளர்வது, ஆகவே பள்ளத்து வெள்ளத்தைப் பொருட்படுத்தவில்லை. கோடையில் இலை மெலிந்து ஒன்றுமில்லாதது போலக் கிடந்தது. ஐப்பசியில் நல்ல மழை இரண்டு விழுந்தபின் ஒரு காலை பார்த்தால், கரை முழுக்க வெள்ளைக் கிண்ணங்கள். ஒரு பூ சில நாள்தான் நிற்கும், ஆனால் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். அக்காவின் அஸ்டருக்கு எங்கள் ஊரில் ஈடு என்றால் இதைத்தான் சொல்வேன். ஒரேயொரு எச்சரிக்கை: கிழங்கு சின்ன வெங்காயம் போலவே இருக்கும், தாளும் அப்படித்தான், ஆனால் நஞ்சு. குசினிப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

இப்போது என் பாதையில் மேட்டுக் கரைக்குப் பட்டிப்பூ, பள்ளக் கரைக்கு ரெயின் லில்லி, கேற்றடியில் இரண்டே இரண்டு ஒற்றை நந்தியாவட்டை. ஒன்றுதான் வைக்க இடமென்றால், மாரியில் உங்கள் வளவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத் தெரிவு செய்யுங்கள். நந்தியாவட்டையை ஆவணியில் கவ்வாத்துப் பண்ணலாம். லில்லிக் கிழங்கை மாட்டெரு கலந்த மண்ணில் நாலு விரல் இடைவெளி விட்டு, புரட்டாசிக்குள் ஊன்றிவிட வேண்டும்.