கையெழுத்தா, வழக்கா: ஜெர்மனியில் வேலை போகும்போது எது செலவு?

ஜெர்மனியில் ஆட்குறைப்பில் இறங்கும் நிறுவனம் பெரும்பாலும் முதலில் நீட்டுவது ‘ஆவ்ஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்’ எனப்படும் பரஸ்பர விலகல் ஒப்பந்தத்தைத்தான். ஊழியர் அதில் கையெழுத்திட மறுத்தால் நிறுவனம் முறைப்படி பணிநீக்கக் கடிதம் தர வேண்டியிருக்கும். கடிதம் கைக்கு வந்த 3 வாரத்துக்குள் ஊழியர் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம்.

“வழக்கில் ஜெயித்தாலும் வக்கீல் கட்டணம் உங்கள் தலையில்தான்” என்று மனிதவளத் துறையினர் சொல்வது பொய்யல்ல. முதல் நிலை நீதிமன்றத்தில் அவரவர் வழக்கறிஞருக்கு அவரவரே பணம் தர வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் அதே சட்டப்படி, தோற்றாலும் நிறுவனத்தின் வழக்கறிஞர் கட்டணம் ஊழியர்மேல் விழாது என்பதை அவர்கள் சொல்வதில்லை. கட்டணத்துக்கு அடிப்படையான வழக்கு மதிப்பும் பணிநீக்க வழக்குகளில் 3 மாதச் சம்பளத்தைத் தாண்டாது. மாதம் 4,000 யூரோ வாங்குபவருக்கு அந்த மதிப்பு அதிகபட்சம் 12,000 யூரோ. முதல் நிலை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை; நீதிமன்றத்தின் மனுப்பிரிவில் வாய்மொழியாகச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். முழு வழக்கும் சமரசத்தில் முடிந்தால் நீதிமன்றக் கட்டணமும் கிடையாது. மேல்முறையீட்டுக்குப் போனால்தான் தோற்றவர் இருதரப்புச் செலவையும் சுமக்க நேரும்.

கையெழுத்திடுவதில் வழக்குச் செலவு இல்லை. இழப்பு வேறு வாசல் வழியே வருகிறது. தக்க காரணமின்றித் தானாக வேலையை விட்டவர் என்று கருதி, அரசின் வேலைவாய்ப்பு முகமை 12 வாரம் வரை வேலையில்லாக்கால உதவித்தொகையை நிறுத்தலாம். பணிநீக்கம் எப்படியும் வரவிருந்தது, வேலை முடியும் முன் தர வேண்டிய அறிவிப்புக் காலம் காக்கப்பட்டது, இழப்பீடு பணியாண்டுக்கு அரை மாதச் சம்பளத்துக்குள் இருக்கிறது என்றால் பொதுவாக இந்தத் தடை வராது. அதனால் ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டியது தொகையை அல்ல, விலகும் தேதியை என்பது என் கருத்து.

கையெழுத்திட்டுவிட்டு மனம் மாறினாலும் பயனில்லை. நோயுற்றிருந்தபோது தன் வீட்டிலேயே கையெழுத்திட்ட ஒரு துப்புரவுப் பணியாளரின் வழக்கில், ஒப்பந்தத்தைத் திரும்பப் பெறும் நுகர்வோர் உரிமை இதற்குப் பொருந்தாது என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. பேச்சு நேர்மையாக நடந்ததா என்பதை ஆராய வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. பேச்சு நேர்மையாக நடக்கவில்லை என்று காட்டித் தப்பும் அந்த வாசல் மிகக் குறுகலானது.

10 பேருக்கு மேல் இல்லாத நிறுவனத்திலோ, சேர்ந்து 6 மாதம் முடியாத நிலையிலோ பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகத் துணைக்கு வராது. அங்கே கையெழுத்தே லாபமாகலாம். மற்றவர்கள் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டட்டும். தனியாகக் கட்டணம் பேசாதவரை முதல் ஆலோசனைக்கு அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 190 யூரோவும் அதற்கான வரியும்தான்.