மாடல் கார் பம்பர் பளபளப்பை உரிக்க எது தேவலை: பிளீச்சா, காஸ்டிக்கா, பிரேக் ஆயிலா?

திருவொற்றியூர்க்காரனுக்குக் குரோம் என்றாலே புல்லட் சைலன்சர்தான். இரும்பில் நிக்கல், அதற்கு மேல் குரோமியம் என்று கரண்ட் பாய்ச்சி ஏற்றிய முலாம் அது. நிஜக் காரில் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவில் நாமே ஒட்டிச் சேர்க்கும் 1:24 பிளாஸ்டிக் கார் கிட்டில் மினுக்கும் பம்பரும் வீலும் வேறு ஜாதி. பிளாஸ்டிக்கின் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு லாக்கர் பூச்சு, அதன் மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த துளியூண்டு அலுமினியம், சிலவற்றில் அதற்கும் மேலே ஒரு கிளியர் கோட். குரோமியம் மருந்துக்கும் கிடையாது. ஆக, உரிக்க வேண்டியது இரண்டு: அலுமினியம், அடியில் இருக்கும் லாக்கர். எந்தச் சரக்கு எதைத் தின்னும் என்பதில்தான் வித்தியாசமே.

அப்படியே மேலே பெயின்ட் அடித்தால் என்ன? நகம் பட்டாலே உரிந்து வரும். பசையும் பிளாஸ்டிக்கைக் கடிக்காது. பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்தபோது விழுந்த கோட்டைத் தேய்த்து எடுக்கவும் வழியில்லை.

முதலில் பிளீச். எங்கள் தெருவில் 'ஆசிட்டே, பினாயிலே' என்று மூணு சக்கர வண்டியில் வருபவரிடமே கிடைக்கும். கேனில் வெயில் காய்ந்து வரும் அந்தச் சரக்கில் வீரியம் பாதி போயிருக்கும். பிளீச்சில் இருக்கும் ஹைப்போவுக்கு (சோடியம் ஹைப்போகுளோரைட்) சூடும் வெளிச்சமும் ஆகாது. புது பாட்டிலில் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வெளுத்த வீல், பழைய சரக்கில் ராத்திரி முழுக்கக் கிடந்தும் திட்டுத்திட்டாக நின்றது. கடையில் தேதி பார்த்து வாங்குங்கள். பிளீச்சிங் பவுடரைக் கரைத்தும் செய்யலாம், ஆனால் சுண்ணாம்பு வண்டல் வீல் கம்பிகளின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று, அதே வண்டியில்தான் பாத்ரூம் ஆசிட்டும் வருகிறது. அதன் மிச்சம் இருக்கும் மக்கில் பிளீச்சை ஊற்றினால் கிளம்புவது குளோரின் வாயு. தனி டப்பா, மொட்டைமாடி. இதில் சமாதானமே கிடையாது.

காஸ்டிக் சோடா இன்னும் வேகம். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரு டம்ளருக்கு ஒரு சின்ன ஸ்பூன் போதும். கரையும்போதே சூடேறும், ஆறவிட்டுத்தான் பாகத்தைப் போட வேண்டும். பாகத்தை இறக்கியதும் பொடிப்பொடியாகக் குமிழி எழும்பும். அது ஹைட்ரஜன், பக்கத்தில் பீடி வேண்டாம். அலுமினியக் கிண்ணத்தில் கரைக்கவே கரைக்காதீர்கள், பம்பரோடு கிண்ணமும் போகும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடுவதில்லை. பிளீச் செய்யும் வேலைக்கு இவ்வளவு பயம் தேவையா என்பது என் கட்சி.

இந்த இரண்டும் தின்பது அலுமினியத்தை மட்டும். லாக்கர் பெரும்பாலும் அசையாது. பிளாஸ்டிக் நிறம் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் என் முதல் காரில் பெயின்ட் அடித்தேன். லாக்கரும் பெயின்ட்டும் சேர்ந்து அப்பி வீல் நட்டெல்லாம் மழுங்கிப் போய்க் கம்பு தானியம் மாதிரி நின்றது.

பிரேக் ஆயில் லாக்கரையும் இளக்கும். டாட் 3 அல்லது 4 வாங்க வேண்டும்; சிலிக்கான் வகையான டாட் 5 வேலைக்கு ஆகாது. நாள் கணக்கில் ஊறணும், கை பிசுபிசுக்கும், ரொம்ப ஊறினால் சில பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றவும் மனசு வராது. எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இப்போது செய்வது, பிளீச்சில் வெளுக்கவிட்டு நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு, செல்போன் ரிப்பேர் கடைக்காரர்கள் போர்டு துடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் மூடிபோட்டு ஒரு ராத்திரி. காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் லாக்கர் வெங்காயத் தோல் மாதிரி சுருண்டு வரும். எல்லாக் கம்பெனி லாக்கரும் இதற்கு மசியாது. அடம்பிடித்தால் இன்னொரு ராத்திரி. அவசரப்பட்டுத் தின்னரை மட்டும் எடுக்காதீர்கள், ஒரு பம்பரை அதில் போட்டுச் சூயிங்கம்மாகத்தான் வெளியே எடுத்தேன்.

போன வாரம் முடித்த வீலில் ஐந்து நட்டும் ஆறு முனையோடு எண்ணக்கூடியதாக வந்தன, ஒவ்வொன்றும் கடுகளவு.