வேலூரில் காலப்பயணக் காதல்: எந்த ஆண்டின் கதவைத் திறப்பது?

இளையோருக்காகக் காலப்பயணக் காதல் கதை எழுத நினைக்கும் வேலூர்க்காரர் எவருக்கும் முதலில் கண்முன் வருவது கோட்டைதான். 133 ஏக்கர் பரப்பில், அகழி சூழ்ந்த கருங்கல் மதிலுக்குள் கோயிலும் மசூதியும் தேவாலயமும் பழைய மகால்களும் ஒருங்கே நிற்கும்போது, இன்றைய கல்லூரி மாணவி ஒருத்தி எந்தத் தூணைத் தொட்டாலும் வேறொரு நூற்றாண்டில் போய் விழலாம் என்று தோன்றுவது இயல்பே. எந்த நூற்றாண்டில் விழுவது என்பதில்தான் கதையின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது. நாயக்கர் காலம், சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1806, பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிய 1918 ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு நான் கேட்கும் கேள்விகள் இரண்டு: இரண்டு இளம் உள்ளங்கள் மீண்டும் மீண்டும் சந்தித்துப் பேச அந்தக் காலத்தில் நம்பத்தகுந்த காரணம் இருந்ததா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சமாவது இருந்ததா?

நாயக்கர் காலத்தின் பலம் அதன் அழகு. சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு ஈடான வாசல் வேறெங்கும் கிடைக்காது. அங்கே ஒரே தலையைக் காளைக்கும் யானைக்கும் பொதுவாக வைத்துச் செதுக்கிய சிற்பம் உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. கதாநாயகி அந்தக் கையை எடுக்கும் நொடியில் காலம் மாறிவிட்டது என்று எழுதினால் எந்த வாசகரும் மறுக்க மாட்டார். ஆனால் மாறிய பிறகு என்ன செய்வது? வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கரின் அவையில் அப்பைய தீட்சிதர் போன்ற பெரும் அறிஞர்கள் இருந்தார்கள் என்பது தெரியும்; அதே ஊரில் இருந்த ஒரு சிற்பியின் மகன் காலையில் என்ன உண்டான், யாரிடம் என்ன பேசத் துணிந்தான் என்பதற்கு நம் கையில் உள்ள செய்திகள் மிகக் குறைவு. தெலுங்கும் வடமொழியும் ஓங்கியிருந்த அவையில் வேலூரின் ஒரு பகுதியான சத்துவாச்சாரியின் இன்றைய பெண்ணின் தமிழ் எவ்வளவு தூரம் செல்லும் என்பதும் ஐயமே. அந்த இடைவெளியை நிரப்ப, பெரும்பாலோர் இளவரசனையும் நந்தவனத்தையும் கொண்டுவந்துவிடுகிறார்கள். அப்போது அது வேலூர்க் கதையாக இருப்பதில்லை. எந்த ஊர் அரண்மனைக்கும் பொருந்திவிடும்.

1806 நேர் எதிரானது. இங்கே செய்திக்குப் பஞ்சமே இல்லை. 1805 நவம்பரில் வந்த புதிய உடை விதி சிப்பாய்களின் நெற்றிக் குறியையும் தாடியையும் காதணியையும் தடுத்தது. தோல் சேர்த்த புதிய தலைப்பாகை அவர்களைக் கொதிக்கவைத்தது. திப்புவின் குடும்பத்தார் 1799இலிருந்து கோட்டைக்குள் காவலில் இருந்தார்கள். 1806 ஜூலை 9ஆம் நாள் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம் நடந்தது. மறுநாள் விடியும் முன்பே துப்பாக்கிகள் வெடித்தன. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆற்காட்டுக்குச் செய்தி போய், ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து சேர்ந்து, பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாண்ட சிப்பாய்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருக்கும்.

திருமண வீடு, நள்ளிரவு, மதில், குதிரைகள் என்று காதல் கதைக்கு வேண்டியதையெல்லாம் வரலாறே எடுத்துவைத்தாற்போல் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். தேதி தெரிந்த அழிவு முன்னால் நிற்கும்போது, கதாநாயகிக்கு அந்தச் சிப்பாயைக் காப்பாற்றும் வேலை வந்துவிடுகிறது. அவனை அறிந்துகொள்ள நேரம் கிடைப்பதில்லை. ஒரே இரவில் மலர்ந்து ஒரே காலையில் மடியும் அன்பைப் பதினாறு வயது வாசகர் அழுதுகொண்டே படிப்பார், உண்மைதான். ஆனால் அந்த அழுகை சாவுக்கானது.

இருந்தும் காலப்பயணத்தின் தருக்கத்தைப் பொறுத்தவரை மூன்றிலும் வலுவானது 1806தான் என்பேன். கிளர்ச்சிக்குச் சில வாரங்களுக்கு முன்பே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் ஆங்கிலேய மேலதிகாரியிடம் சதியைப் பற்றிச் சொன்னார். அவரைப் பித்தர் என்று தள்ளிச் சிறை வைத்தார்கள். நடக்கப்போவதைச் சொல்பவரை யாரும் நம்பமாட்டார்கள் என்ற விதியை, காலப்பயணக் கதைகள் வழக்கமாகப் பெரும்பாடு பட்டு நிறுவ வேண்டியிருக்கும். இங்கே அது ஏற்கெனவே நடந்தேறியிருக்கிறது. கடந்த காலத்தை மாற்றவே முடியாது என்ற வகைக் கதைக்கு இதைவிட உறுதியான அடித்தளம் அமையாது. மாற்றிவிடலாம் என்ற வகைக் கதைக்கோ இந்த ஆண்டு சுமை. கிளர்ச்சி வென்றிருந்தால் தென்னிந்தியாவின் கதையே வேறாகியிருக்கும், அதையும் எழுத வேண்டிவரும், காதலர்கள் இருவரும் அந்த அரசியலில் காணாமல் போவார்கள்.

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் 1832இல் இறக்கும் வரை இதே கோட்டையில் சிறைப்பட்டிருந்தார் என்பதால் அந்த ஆண்டுகளையும் சிலர் பரிந்துரைக்கக்கூடும். அது நல்ல நாவலுக்குரிய பொருள். ஆனால் வயதானவர்களின் ஏக்கத்துக்கு உரியது, இளையோருக்கானதன்று.

1918ஐ யாரும் எளிதில் நினைப்பதில்லை. அதில் வாளும் இல்லை, மதிலும் இல்லை. ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் அந்த ஆண்டில்தான் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதைப் பதினான்கு என்று வைத்த சாரதா சட்டமே 1929இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், 1918இல் திருமணமாகாத இளம்பெண் ஒருத்தி வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கி உடற்கூறியல் படித்தாள் என்பது எவ்வளவு அரிய நிலை என்பது விளங்கும். அவளுக்கென்று ஒரு தொழில் காத்திருக்கிறது. ஆகவே அவளால் மறுக்க முடியும், தள்ளிப்போட முடியும், யோசிக்கவும் முடியும். மற்ற இரண்டு காலங்களிலும் இதற்கு இடமே இல்லை.

அப்படியானால் காலம் கடந்து வருபவன் பையனாக இருக்க வேண்டும். ஆண்களை அங்கே 1947இல்தான் படிப்பில் சேர்த்தார்கள், விடுதி வாசலில் நிற்கவும் விடமாட்டார்கள், எங்கே சந்திப்பது என்ற கேள்வி உடனே எழும். விடை குடியாத்தம் சாலையில் இருக்கிறது. ஐடா ஸ்கடர் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு வண்டியில் போய், சாலையோர மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்ப்பது வழக்கம். புண்ணுக்குக் கட்டுப் போடவும் மருந்துப் புட்டிகளை எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டும். காத்திருக்கும் கூட்டத்தை வரிசைப்படுத்தவும் ஆள் வேண்டும். குறித்த நாளில் குறித்த மரத்தடிக்கு அவன் வரலாம், எல்லார் கண்முன்னாலும் அவளிடம் பேசலாம், பேச்சு பாதியில் நின்றால் அடுத்த முறை வரை இருவரும் காத்திருக்கலாம். இவ்வளவு இயல்பான ஏற்பாட்டை எந்தக் கற்பனை அரண்மனையும் தராது. அவள் பேசும் தமிழும் அவனுக்கு ஏறக்குறைய முழுமையாகப் புரியும்.

அவனுடைய எதிர்கால அறிவும் இங்கே வேறுவிதமாக வேலை செய்கிறது. பென்சிலின் 1928இல்தான் கண்டறியப்படும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அதைச் செய்யத் தெரியாது. பிரசவக் காய்ச்சலில் கிடக்கும் பெண்ணின் தலைமாட்டில் அந்த அறிவு அவனை வதைக்குமே தவிர, யாரையும் காப்பாற்றாது. அதே ஆண்டின் பிற்பகுதியில் இன்ஃப்ளுவென்சா பரவும்போதோ, முகத்தை மூடுங்கள், கூட்டம் சேராதீர்கள் என்று அவன் சொல்வது ஒரு தெருவையாவது காக்கக்கூடும். வரலாறு கவிழாமல் ஒரு குடும்பத்தின் கதி மட்டும் மாறும் இந்த அளவு காதல் கதைக்குப் போதுமானது.

குறை இல்லாமல் இல்லை. மிஷனரி நிறுவனம் என்பதால் மதமும் ஆங்கில ஆட்சியும் கதைக்குள் வந்தே தீரும்; அவற்றைத் தொடாமல் ஐடா அம்மையாரின் பெருமையை மட்டும் பாடினால் கதை பாடநூலாகிவிடும். எந்தச் சாதிப் பெண்கள் அங்கே வரத் துணிந்தார்கள், எந்த வீடுகள் அவர்களை மீண்டும் ஏற்றன என்பதை எழுத்தாளர் நேராகப் பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் 1806ஐ விட மனமில்லாதவர்கள், கதவை ஜூலையில் திறக்காமல் முந்தைய நவம்பரில் திறக்கலாம். உடை விதி வந்த நாளிலிருந்து எட்டு மாதங்கள் கிடைக்கும். மே மாதத்தில் தலைப்பாகையை மறுத்தவர்களுக்குக் கசையடி விழுந்தது. அடிபட்டவன் ஒருவனுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுக்கும் வீட்டில் அந்தப் பெண் தங்கியிருக்கட்டும். திருமண விளக்குகள் ஏற்றப்படும் இரவு வருவதற்குள் அவர்கள் இருவரும் சண்டையிட்டுச் சமாதானமாகவும் நேரம் இருக்கும்.