கோ-5 நேப்பியரா, கினியாப் புல்லா? இரண்டையும் வளர்த்துப் பார்த்தவன் சொல்வது

மாடு வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த வார்த்தை நேப்பியர் போடு என்பதுதான். தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நிலம் எப்படி, வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை உருப்படி என்று ஒன்றையும் கேட்காமல் சொல்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் எங்களிடம் இரண்டு புல்லும் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-5 கம்பு நேப்பியர் திறந்த மேட்டு நிலத்தில், அதே பல்கலைக்கழகத்தின் கோ (ஜிஜி) 3 கினியாப் புல் தென்னைக்கு நடுவில். என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: திறந்த வெளியும் குறையாத தண்ணீரும் இருந்தால் கோ-5, ஓரளவு வெளிச்சம் இறங்கும் தென்னந்தோப்புதான் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கினியா. தோப்புக்குள் நட நேப்பியர் கரணைக்கு, அதாவது நடுகிற தண்டுத் துண்டுக்கு, பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் கோ-5. 2012-ல் வந்த ரகம். கம்பையும் நேப்பியரையும் இனக்கலப்பு செய்து உண்டாக்கியது என்பதால் முளைக்கிற விதை கிடையாது, கரணையோ வேரோடு பிரித்தெடுத்த வேர்த்தூரோ வைத்துத்தான் நட வேண்டும். ஹெக்டேருக்கு 33,000 கரணை என்று கணக்கு, ஏக்கருக்கு 13,000-த்துக்குக் கொஞ்சம் மேலே வரும். பாருக்குப் பார் 60 சென்டிமீட்டர், கரணைக்குக் கரணை 50 சென்டிமீட்டர். இரண்டு கணு உள்ள கரணையைச் சாய்த்து வைத்து ஒரு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்ற வேண்டும், நட்ட அன்றே தண்ணீர், மூன்றாம் நாள் இன்னொரு தண்ணீர். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், அதற்கப்புறம் 45 நாளைக்கு ஒருமுறை, ஆண்டுக்கு 7 அறுப்பு வரை. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 360 டன் என்று பல்கலைக்கழகம் சொல்வது நல்ல மண், நல்ல உரம், தடையில்லாத தண்ணீர் எல்லாம் சேர்ந்த கணக்கு. நம் காட்டில் அதை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது, ஆனாலும் வேறு எந்தப் புல்லும் எங்கள் மேட்டு நிலத்தில் இத்தனை எடை கொடுத்ததில்லை.

வளர்ச்சி கண்ணுக்கே தெரியும். அறுத்த மறுவாரம் தூருக்குள் விரல் விட்டுப் பார்த்தால் பச்சைக் குருத்து குத்திக்கொண்டு நிற்கும், ஒரு மாதத்தில் இடுப்புக்கு மேலே போய்விடும். பழைய ரகங்கள் போலச் சாய்வதில்லை. தண்டில் சாறும் இனிப்பும் உண்டு, மெஷினில் வெட்டிப் போட்டால் தொட்டியில் மிச்சம் வைக்காமல் மாடு தின்கிறது. வெட்டாமல் முழுசாகப் போட்டால் இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் போடும், அதனால் நேப்பியர் போடுகிறவர் தட்டு வெட்டுகிற மெஷினுக்கும் சேர்த்துத்தான் செலவுக் கணக்கு போட வேண்டும்.

இவ்வளவு வளர்கிற புல் சும்மா வளராது. ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து பரிந்துரை, அதாவது ஏக்கருக்கு 30 கிலோ, யூரியாவாக எடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மூட்டை. தொழு உரமும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு அறுப்புக்கு உரத்தை விட்டால் அடுத்த அறுப்பில் தண்டு மெலிந்து போவது கையில் பிடிக்கும்போதே தெரியும். சித்திரை வைகாசியில் கிணறு வற்றினால் முதலில் வாடுவதும் இதுதான். வாடிய புல்லுக்கு யூரியா போட்டு, மழை வந்து குபீரென்று துளிர்த்த உடனே இளம்புல்லை அறுத்து வெறும் வயிற்று மாட்டுக்குப் போடாதீர்கள், அந்தப் பருவத்தில் நைட்ரேட் ஏறி மாட்டின் உயிருக்கே ஆபத்து வரலாம். வளர விட்டு அறுங்கள், வைக்கோலோ சோளத்தட்டோ கலந்து போடுங்கள்.

இன்னொன்றைக் கரணை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. கம்பு நேப்பியரில் ஆக்சலேட் அதிகம். அது மாட்டின் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். கறவை மாட்டுக்குக் காலை மாலை இது ஒன்றையே போட்டுக்கொண்டிருந்தால் கன்று போட்ட நேரத்தில்தான் தொல்லை தெரியும். மூன்று பங்கு நேப்பியருக்கு ஒரு பங்கு வேலிமசால் என்கிற பயறுவகைத் தீவனம் என்று கலந்து கொடுப்பது நல்லது, தாது உப்பும் தினம் வேண்டும். வேலிமசால் விதையின் தோல் கடினம், அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய வெந்நீரில் 5 நிமிடம் போட்டெடுத்து இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊற வைத்து விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். வரப்பெல்லாம் அதைப் போட்டுவிட்டு நேப்பியரை நடுங்கள் என்பேன்.

சரி, கினியாவுக்கு வருவோம். இதற்கு ஹெக்டேருக்கு 66,000 வேர்த்தூர் வேண்டும், நேப்பியரைப் போல இரண்டு மடங்கு, ஏனென்றால் 50-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நடுகிறோம். பெரிய தூரைத் தோண்டி எடுத்து, நுனி இலையைக் கத்தரித்து, வேரோடு கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்து நட வேண்டும், ஆள் கூலி கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும். மகசூல் ஏட்டுக் கணக்கில் ஹெக்டேருக்கு 320 டன் என்றாலும் தோப்பு நிழலில் அவ்வளவு வராது, அதில் ஒளிவு மறைவு வேண்டாம். ஆனால் ஒப்பிட வேண்டியது அந்த எண்ணை அல்ல. தோப்பு நிழலில் நேப்பியரை வைத்தால் வெயிலைத் தேடித் தண்டு நீண்டு, இலை குறைந்து, தூர் கட்டாமல் இரண்டு மூன்று குச்சியாக நிற்கும். அதே நிழலில் கினியா அடியிலிருந்தே மெல்லிய இலையாகப் புதர் கட்டி நிற்கிறது. தண்டு குறைவு என்பதால் மெஷின் இல்லாமலே மாடு முழுசாகத் தின்றுவிடும். ஆட்டுக்குக் கேட்கவே வேண்டாம், எங்கள் ஆடுகள் நேப்பியர் தண்டை முகர்ந்துவிட்டுப் போகும், கினியாக் கட்டை அவிழ்ப்பதற்குள் மேலே ஏறிவிடும். அறுக்கிறவர்களுக்கும் இதுதான் சுகம். நேப்பியரின் இலை ஓரம் முழங்கையைக் கீறிவிடும், வேர்வை பட்டால் எரியும், முழுக்கைச் சட்டை போடாமல் உள்ளே போக முடியாது.

கினியாவின் பராமரிப்பில் இரண்டே விஷயம். பூ வருவதற்குள் அறுத்துவிட வேண்டும், பூத்துவிட்டால் தண்டு நார் விழுந்து மாடு ஒதுக்கும், விதை உதிர்ந்து வேண்டாத இடத்திலெல்லாம் முளைக்கவும் செய்யும். அறுக்கும்போது தரையோடு சீவாமல் ஒரு சாண் போல விட்டு அறுக்க வேண்டும், அப்போதுதான் மறுதழைவு வேகமாக வரும். நேப்பியரைத் தரையை ஒட்டி அறுப்பதுதான் நல்லது, வேலைக்கு வருகிறவர்களிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தென்னைக்கும் பங்கு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: மரத்தைச் சுற்றி 6 அடிக்குப் புல் வேண்டாம், சாணம் முழுவதும் தோப்புக்கே திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் புல் தின்ற சத்து காய்ப்பில் குறையும். நடுவயதுத் தோப்பில் மட்டை நெருங்கி நிழல் அடர்ந்திருக்கும், அங்கே கினியாவும் சுணங்கும். இளந்தோப்பிலும், உயர்ந்து வெளிச்சம் இறங்கும் பழைய தோப்பிலும்தான் அது செழிப்பாக இருக்கிறது.

வாங்கும் இடத்தைப் பற்றி. நாங்கள் முதலில் ஆன்லைனில் ஒரு தனியார் பண்ணையில் கரணை கேட்டோம். சாக்கில் கட்டி வெயிலில் கிடந்து வந்து சேர்ந்தது, கணுவில் மொட்டு காய்ந்து கருத்திருந்தது, முளைத்ததிலும் பாதி வேறு ரகம். போன் செய்தால் தண்ணீர் விடவில்லையா என்று நம்மையே கேட்டார்கள். கோ-4, கோ-5, தாய்லாந்திலிருந்து வந்த சூப்பர் நேப்பியர் மூன்றையும் வெறும் கரணையாகப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அதை நம்பித்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. கோவை பல்கலைக்கழகத்தின் தீவனப்பயிர்த் துறையில் கேட்டு வாங்குங்கள், அல்லது நிற்கிற பயிரை நேரில் பார்த்து, வெட்டிய அன்றே ஏற்றி, ஈரச்சாக்கு போட்டு மூடிக் கொண்டு வாருங்கள். மூன்று மாதம் முற்றிய தண்டின் நடுப்பகுதியாகப் பார்த்து எடுங்கள், நுனிக் கரணை அழுகிவிடும்.

இரண்டு மாடும் நாலு ஆடும் வைத்திருக்கிற வீட்டுக்கு முழு ஏக்கரும் தேவையில்லை. பத்து சென்ட் கோ-5, தோப்புக்குள் இருபது சென்ட் கினியா, வரப்பில் வேலிமசால், இப்படி ஆரம்பியுங்கள். கினியா தூர் கட்டிவிட்டால் அடுத்த இருபது சென்டுக்கு விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, ஐப்பசி மழை பிடித்ததும் பாதித் தூரைத் தோண்டிப் பிரித்து நட்டுக்கொள்ளலாம்.